அரசியல் சட்டத்தைக் காப்போம், சரி. வேங்கைவயலுக்கு எப்போது வருவீர்கள்?



2024 மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவுக்கு இன்னும் மூன்றே நாள். நாளை மாலை ஆறு மணியோடு ஒலிபெருக்கிகள் அடங்கிவிடும். அதற்குள் சிலவற்றைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் பகுதி அம்பேத்கர் சிலை, தமிழ்நாட்டின் பெரும்பாலான அம்பேத்கர் சிலைகளைப் போல இரும்புக் கூண்டுக்குள்தான் நிற்கிறது. ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கும் அந்தக் கூண்டை இந்த ஏப்ரல் 14 அன்று காலை ஏழு மணிக்கே திறந்துவிட்டார்கள். தேர்தல் ஆண்டு அல்லவா! ஒரு கட்சிக்காரர் மாலை போட்டு இறங்குவதற்குள் அடுத்த கட்சிக்காரர் ஏணிக்குப் பக்கத்தில் நின்றார். கறுப்பு சிவப்புக் கரை வேட்டியும் வந்தது, இரட்டை இலையும் வந்தது, காவித் துண்டும் வந்தது. எல்லோர் வாயிலும் அண்ணல், பாபாசாகேப், சட்டமேதை.

அந்தக் கூட்டத்தில் எங்கள் படிப்பகத்துத் தம்பி ஒருவன், இந்தியா கூட்டணிக் கட்சி ஒன்றின் பகுதிப் பொறுப்பாளரிடம் போய்க் கேட்டான். "அண்ணே, வேங்கைவயல் என்னாச்சுன்னு உங்க வேட்பாளர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமா?" அவர் கோபப்படவில்லை. தோளில் கை போட்டு, அன்பாகத்தான் சொன்னார். "தம்பி, இது அதுக்கான நேரம் இல்லப்பா. இப்ப இதக் கெளப்புனா அவனுக்குத்தான் லாபம். மொதல்ல அரசியல் சட்டத்தக் காப்பாத்துவோம்."

இந்தப் பதில் அவருடையது மட்டுமல்ல. நாம் மதிக்கிற பேராசிரியர்கள், எழுத்தாளர்கள், இடதுசாரித் தோழர்கள், சில நேரம் நம்முடைய இயக்கத் தலைவர்களே இதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். இதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் நம்மைப் பல ஆண்டுகளாக வாயடைக்க வைத்திருக்கிறது.

உண்மையான பாதியை முதலில் பேசிவிடலாம். பா.ஜ.க. தோற்க வேண்டும். இதில் எங்களுக்குக் குழப்பமே இல்லை.

நாம் கூண்டுக்கு முன்னால் நின்ற அதே ஏப்ரல் 14 அன்று தில்லியில் பா.ஜ.க. தன் தேர்தல் அறிக்கையை வெளியிட்டது. நாளைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தெரியும் அது யாருடைய பிறந்தநாள் என்று. உள்ளே பொது சிவில் சட்டம் இருக்கிறது, ஒரே நாடு ஒரே தேர்தல் இருக்கிறது. சாதிவாரிக் கணக்கெடுப்பு இல்லை. 2021இல் நடந்திருக்க வேண்டிய சாதாரண மக்கள்தொகைக் கணக்கெடுப்பே இன்னும் நடக்கவில்லை. நம் எண்ணிக்கை என்ன என்று கேட்டால் 2011ஐத்தான் காட்டுகிறார்கள்.

கடந்த மாதம் கர்நாடகத்தில் அக்கட்சியின் எம்.பி. அனந்தகுமார் ஹெக்டே, அரசியல் சட்டத்தைத் திருத்த 400 இடம் வேண்டும் என்று வெளிப்படையாகவே பேசினார். கட்சி அது அவருடைய சொந்தக் கருத்து என்றது, பிறகு அவருக்குச் சீட்டும் கொடுக்கவில்லை. போன ஆண்டு ஆகஸ்டில் பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுத் தலைவர் பிபேக் தேப்ராய், நாட்டுக்குப் புதிய அரசியல் சட்டம் தேவை என்று பத்திரிகையில் எழுதினார். அதுவும் சொந்தக் கருத்து. நான்கு நாளைக்கு முன் ராஜஸ்தானில் பிரதமர், பாபாசாகேப்பே வந்தாலும் இந்தச் சட்டத்தை ஒழிக்க முடியாது என்கிற பொருளில் பேசியிருக்கிறார். ஒழிக்க யாரும் நினைக்காதபோது பிரதமர் எதற்கு மேடை மேடையாக இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது?

ஆனால் எங்கள் கவலை புதிய சட்டம் எழுதுவார்களா என்பதில் மட்டும் இல்லை. அட்டையை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் தாள்களை ஒவ்வொன்றாக உருவ முடியும், பத்து ஆண்டுகளாக அதுதான் நடக்கிறது. 2018இல் இணைச் செயலாளர் பதவிகள் பத்துக்கு வெளியிலிருந்து நேரடியாக ஆள் எடுக்க விளம்பரம் வந்தது. இட ஒதுக்கீடு கிடையாது. ஏன் என்றால், ஒவ்வொன்றும் தனித்தனிப் பதவியாம். ஒற்றைப் பதவிக்கு ஒதுக்கீடு பொருந்தாதாம். பொதுத்துறை நிறுவனம் ஒன்றை விற்றால் அதோடு அங்கிருந்த நம் இடங்களும் விற்கப்படுகின்றன. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா கைமாறியபோது விமானங்களைப் பற்றி எழுதினார்கள், விமானிகளைப் பற்றி எழுதினார்கள், அங்கே எஸ்.சி., எஸ்.டி. ஒதுக்கீட்டில் இனி யாரும் வேலைக்குச் சேர முடியாது என்பதை எத்தனை பேர் எழுதினார்கள்? இதற்கெல்லாம் 400 இடம் தேவைப்படவில்லை.

2018 மார்ச் 20 அன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கும் தீர்ப்பு வந்தது. வழக்குப் பதியுமுன் முதற்கட்ட விசாரணை வேண்டும், கைது செய்ய மேலதிகாரியின் அனுமதி வேண்டும் என்றது நீதிமன்றம். ஏப்ரல் 2ஆம் தேதி வட மாநிலங்களில் தலித் மக்கள் தெருவில் இறங்கினார்கள். எந்தப் பெரிய கட்சியும் அழைக்காத பந்த் அது. பலர் உயிரிழந்தார்கள். அந்த ரத்தத்துக்குப் பிறகுதான் ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தது. இன்றைக்குக் கல்லூரிக்குள் நுழைகிற தம்பி தங்கைகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது இருந்திருக்கும். அந்த ஏப்ரல் 2 பற்றிக் கட்டாயம் தேடிப் படியுங்கள். நம்மால் முடிந்தது என்பதற்கு அண்மைக்கால ஆதாரம் அதுதான்.

ஆனந்த் டெல்டும்ப்டே சரணடைந்து கைதான நாளும் ஓர் ஏப்ரல் 14 என்பதை மறந்துவிடக் கூடாது. 2020. அம்பேத்கர் குடும்பத்து மருமகன், சாதியையும் வர்க்கத்தையும் சேர்த்துப் படிக்க நமக்குக் கற்றுக்கொடுத்த ஆசிரியர்களில் ஒருவர், பாபாசாகேப் பிறந்தநாளில் சிறைக்குப் போனார். ஜாமீன் கிடைக்க 2022 நவம்பர் ஆயிற்று. அதே பீமா கோரேகான் வழக்கில் ஸ்டான் சுவாமி 2021 ஜூலை 5 அன்று காவலில் இருக்கும்போதே இறந்தார். ஆதிவாசிகளோடு வாழ்ந்த 84 வயது மனிதர். நடுக்கவாதத்தால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, உறிஞ்சு குழாய் கொடுங்கள் என்று நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டியிருந்தது அவருக்கு.

"குடியரசுத் தலைவராக ஒரு தலித்தை உட்கார வைத்தோம், பிறகு ஒரு பழங்குடிப் பெண்ணை உட்கார வைத்தோம், வேறு யார் செய்தார்கள்?" என்று அந்தப் பக்கம் போன நம் சொந்தங்கள் கேட்கிறார்கள். உட்கார வைத்தீர்கள். 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்தைத் திறந்தபோது அந்தப் பழங்குடிப் பெண் எங்கே இருந்தார்? நீலகிரியில் எல்.முருகன் நிற்கிறார், தென்காசியில் ஜான் பாண்டியன் தாமரைச் சின்னத்தில் நிற்கிறார். அவர்களை நாங்கள் திட்டப் போவதில்லை. அதே கூட்டணியில் பா.ம.க. பத்துத் தொகுதிகளில் நிற்கிறது என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியும் கொண்டம்பட்டியும் அண்ணா நகரும் எரிந்ததை, அதையொட்டிக் 'காதல் நாடகம்' என்று ஊர் ஊராகப் போய்ப் பேசியவர்களை, அந்தக் கூட்டணி மேடையில் உட்கார்ந்து ஒருமுறையாவது கேட்டுவிட முடியுமா அவர்களால்?

ஆக, பா.ஜ.க.வுக்கு எதிராக வாக்களிப்போம். இதில் சமாதானம் இல்லை.

கல்லூரியில் படிக்கும் தோழர்கள் சிலர் நோட்டா என்கிறார்கள். எல்லாத் திருடனும் ஒன்றுதான் என்கிறார்கள். இந்தக் கோபத்தை மதிக்கிறோம், இந்த முடிவை ஏற்கவில்லை. நோட்டாவில் எத்தனை பேர் குத்தினாலும் மீதி வாக்கில் முதலில் வந்தவன்தான் எம்.பி. அது இருக்கட்டும். எதிரிகள் எல்லோரும் ஒன்றல்ல. ஒருவனோடு சண்டை போட வழக்கு, போராட்டம், பத்திரிகை, சட்டமன்றம் என்று ஏதோ சில கதவுகள் திறந்திருக்கும். இன்னொருவன் அந்தக் கதவுகளையே செங்கல் வைத்து அடைப்பான். ஜனவரியில் ஜார்க்கண்ட் முதலமைச்சர், பழங்குடித் தலைவர், பதவி விலகிய கையோடு கைது. மார்ச்சில் தில்லி முதலமைச்சர் பதவியில் இருக்கும்போதே கைது. முதலமைச்சருக்கே இதுதான் நிலைமை என்றால், ஒரு வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்ல வரும் விவசாயக் கூலிக்கு என்ன நிலைமை என்று யோசித்துப் பாருங்கள்.

இனி அந்த இன்னொரு பாதி.

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல். 2022 டிசம்பர் 26. குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போய், என்ன ஏது என்று பார்த்தபோது, தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. இந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்ய இன்னமும் கை கூசுகிறது. 15 மாதங்கள் தாண்டிவிட்டன. சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடந்தது, ஓய்வுபெற்ற நீதிபதியைக் கொண்டு ஒருநபர் ஆணையம் அமைந்தது, மரபணுச் சோதனை நடந்தது. சோதனைக்கு ரத்தம் கொடு என்று அந்தத் தண்ணீரைக் குடித்த மக்களையே கூப்பிட்டார்கள். இன்றுவரை ஒருவர்கூடக் கைது இல்லை. ஆட்சியில் இருப்பது சனாதன ஒழிப்பு பேசுகிற கட்சி, சமூகநீதி நாள் கொண்டாடுகிற கட்சி, திராவிட மாடல் கட்சி.

விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் இளைஞர்கள் போனதற்காக அடிக்கப்பட்டார்கள். அரசு என்ன செய்தது? அடித்தவர்களைத் தள்ளிவைத்துவிட்டு நம்மை உள்ளே அழைத்துப் போகவில்லை. 2023 ஜூனில் கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தது. 2024இல் நீதிமன்ற உத்தரவால் பூசை நடந்தது, பொதுமக்கள் யாருக்கும் அனுமதி இருக்கவில்லை. இதற்குப் பெயர் சட்டம் ஒழுங்கு. நாங்குநேரியில் பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள், நீதியரசர் சந்துரு குழு அமைந்தது. பிப்ரவரியில் சென்னைப் பள்ளிக்கரணையில், ஆமாம் சென்னைதான், ஏதோ தென் மாவட்டத்துக் கிராமம் இல்லை, காதலித்து மணந்ததற்காக ஒரு தலித் இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று எத்தனை ஆண்டாகக் கேட்கிறோம்? 2018இலேயே உச்ச நீதிமன்றம் சக்தி வாகினி வழக்கில் தடுப்பு நடவடிக்கைகளை வரிசையாகச் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு இன்னும் நேரம் வரவில்லை.

சாதிவாரிக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிய அரசுதான் எடுக்க வேண்டும் என்று முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நல்லது. பீகார் கடிதம் எழுதிக்கொண்டு உட்காரவில்லை. தானே ஆய்வு நடத்தி 2023 அக்டோபர் 2 அன்று வெளியிட்டது. பட்டியல் சாதியினர் 19.65 விழுக்காடு என்று தெரிந்தது. தமிழ்நாட்டில் 2011 கணக்கின்படியே நாம் 20.01 விழுக்காடு. நமக்கான ஒதுக்கீடு, அருந்ததியர் உள் ஒதுக்கீடு 3 விழுக்காட்டையும் சேர்த்து, 18. 69 விழுக்காடு என்று நாடு முழுக்கப் பெருமை பேசும் மாநிலத்தில் இந்த இரண்டு விழுக்காட்டுக் குறையைப் பற்றி ஒரு மேடையிலாவது கேட்டிருக்கிறீர்களா?

சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கி இறந்தவர்கள் கணக்கு நாடாளுமன்றத்தில் வரும்போதெல்லாம், 1993 முதலான பட்டியலில் தமிழ்நாடுதான் முதலிடத்தில் இருக்கிறது. இங்கே கணக்கு ஒழுங்காக எழுதுகிறோம், வேறு மாநிலங்களில் மறைக்கிறார்கள் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். இருக்கலாம். ஒழுங்காகக் கணக்கெழுத மனிதர்கள் செத்துக்கொண்டிருக்க வேண்டுமா? கையால் மலம் அள்ளத் தடைச் சட்டம் வந்தது 2013. உச்ச நீதிமன்றம் போன அக்டோபரில் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. அந்தத் தொகையை வாங்கித் தருவதற்கு ஒரு குடும்பத்தோடு எத்தனை அலுவலகப் படி ஏற வேண்டியிருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். வேலை கொடுத்தவர் யார் என்பதற்கே காகிதம் இருக்காது. ஒப்பந்ததாரர் துணை ஒப்பந்ததாரரைக் காட்டுவார், அவர் மேஸ்திரியைக் காட்டுவார், மேஸ்திரி "அவரா இறங்கிட்டாரு சார்" என்பார்.

இதையெல்லாம் சொன்னால், "நீங்கள் பா.ஜ.க.வின் பி டீமா?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. நாங்கள் திருப்பிக் கேட்கிறோம். 2019இல் பேசாதே, மோடி வந்துவிடுவார் என்றீர்கள். 2021இல் பேசாதே, பா.ஜ.க. காலூன்றிவிடும் என்றீர்கள். இப்போதும் பேசாதே என்கிறீர்கள். 2026இலும் இதைத்தான் சொல்வீர்கள். தேர்தல் இல்லாத நேரத்தில் பேசினால் எவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை, தேர்தல் நேரத்தில் பேசினால் துரோகி. அப்படியென்றால் எந்த மாதத்தில் பேசுவது?

பேசினால் எதிரிக்கு லாபம் என்பது சரியா என்பதை இந்தத் தேர்தலே காட்டியிருக்கிறது. நாமக்கல்லில் தி.மு.க. கூட்டணியின் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி ஒருவரை வேட்பாளராக அறிவித்தது. சாதி மாறி மணம் செய்வோரை மிரட்டும் அவருடைய பழைய பேச்சுக் காணொளி பரவியது. நம் பிள்ளைகள்தான் பரப்பினார்கள், நம் பிள்ளைகள்தான் இரவு பகலாகக் கேள்வி கேட்டார்கள். சில நாளில் வேட்பாளர் மாற்றப்பட்டார். கூட்டணி உடைந்துபோனதா? வானம் இடிந்து விழுந்ததா? வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்த மனிதருக்கு நாமே வாக்கு கேட்டுத் தெருத் தெருவாகப் போயிருப்போம்.

நாம் பேசாமல் விட்ட இடத்தில்தான் பா.ஜ.க. வந்து உட்காருகிறது. வேங்கைவயலைப் பற்றி இப்போது மிகச் சத்தமாகப் பேசுகிறவர்கள் யார் என்று பாருங்கள். ஹத்ராஸில் பெற்றோருக்குக் காட்டாமல் நள்ளிரவில் மகளின் உடலை எரித்த காவல்துறையின் ஆட்சிக் கட்சிக்காரர்கள். 2022இல் மட்டும் பட்டியல் சாதியினர் மீதான குற்றங்கள் நாடு முழுக்க 57,582 என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது, உத்தரப் பிரதேசம் அதில் முதலிடம். அவர்களுக்கு வேங்கைவயல் ஒரு துண்டறிக்கை, அவ்வளவுதான். அந்தத் துண்டறிக்கைக்கு எழுத்தை எடுத்துக்கொடுத்தது யார்? கைது செய்யாத காவல்துறையும் அதைக் கேட்காத கூட்டணிக் கட்சிகளும்தானே!

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேர்தல் பத்திரத்தை உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 15 அன்று ரத்து செய்து, வங்கி கணக்கைக் கக்கியபோது பா.ஜ.க. வாங்கியது 6,000 கோடிக்கு மேல் என்று தெரிந்தது. பார்த்தீர்களா என்று எல்லோரும் துள்ளினோம். தி.மு.க. வாங்கியது 600 கோடிக்கு மேல், அதில் 509 கோடி ஒரே ஒரு லாட்டரி நிறுவனத்திடம். அங்கே நம் துள்ளல் அடங்கிவிட்டது. லாட்டரிச் சீட்டு வாங்கி அழிந்தவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று நமக்குத் தெரியாதா? பத்திரமே வாங்கவில்லை, எதிர்த்து வழக்கும் போட்டார்கள் என்ற பெருமை மார்க்சிஸ்ட் கட்சிக்கு உண்டு. அதை மனமார ஒப்புக்கொள்கிறோம்.

இடதுசாரிகளைப் பற்றிப் பேசுவது எங்களுக்குச் சொந்த வீட்டைப் பற்றிப் பேசுவது போல. வெண்மணியில் எரிந்த 44 பேரும் செங்கொடிச் சங்கத்தோடு நின்றதற்காகத்தான் எரிக்கப்பட்டார்கள். 2008 மே மாதம் உத்தப்புரம் சுவரில் ஒரு பகுதி இடிந்ததற்கு மார்க்சிஸ்ட் கட்சியும் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும்தான் காரணம். வேங்கைவயலுக்காகவும் அவர்கள் போராடவில்லை என்று சொன்னால் அது பொய். இன்றைக்கு வெளிவந்திருக்கும் தேர்தல் அறிக்கைகளில் ஊபா சட்டத்தை நீக்குவோம் என்று துணிந்து எழுதியிருப்பதும் அவர்கள்தான். இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் கேட்கிறோம்: 2019 ஜனவரியில் உயர்சாதி ஏழைகளுக்கான 10 விழுக்காடு வந்தபோது மார்க்சிஸ்ட் கட்சி ஏன் ஆதரித்து வாக்களித்தது? மக்களவையில் 323 பேர் ஆதரவு, எதிர்ப்பு வெறும் மூன்று. மாநிலங்களவையில் எதிர்ப்பு ஏழு. அந்த ஏழில் தி.மு.க. இருந்தது, மார்க்சிஸ்ட் இல்லை. நாம் அன்றாடம் திட்டுகிற தி.மு.க. அன்று சரியான பக்கத்தில் நின்றது, இன்றுவரை அந்த ஒதுக்கீட்டைத் தமிழ்நாட்டில் நடைமுறைப்படுத்தவும் இல்லை. ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய் வரை சம்பாதிக்கிற உயர்சாதிக் குடும்பம் ஏழையாம். அதே வருமானத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத நம் வீட்டுப் பிள்ளை அந்தப் பத்துக்குள் வர முடியாது, சாதி அப்படி. உச்ச நீதிமன்றத்தில் லலித், ரவீந்திர பட் ஆகிய இரு நீதிபதிகள் இதை எதிர்த்துத் தீர்ப்பெழுதினார்கள். ஒரு கம்யூனிஸ்டுக் கட்சிக்கு அந்த இரண்டு நீதிபதிகளுக்குத் தெரிந்தது தெரியவில்லை என்பதை எங்களால் நம்ப முடியவில்லை. வர்க்கம் என்ற சொல்லைக் கேட்டதும் சாதி மறந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

மார்க்சிஸ்ட் கட்சி தொடங்கியது 1964. அதன் அரசியல் தலைமைக்குழுவுக்குள் முதல் தலித் நுழைந்தது 2022. இடையில் 58 ஆண்டுகள். கூலி விவசாயிகளின் கட்சியில், ஆலைத் தொழிலாளர்களின் கட்சியில்! இந்த வரலாறு இன்னும் பழையது. 1938 நவம்பர் 7 அன்று பம்பாயில் தொழில் தகராறு மசோதாவுக்கு எதிராக அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் தோளோடு தோள் நின்று வேலைநிறுத்தம் நடத்தினார்கள். 1952இல் வட பம்பாய்த் தொகுதியில் அம்பேத்கர் நின்றபோது அதே கம்யூனிஸ்டுகள் டாங்கேயை நிறுத்தினார்கள். அம்பேத்கர் தோற்றார். 1938இல் இருந்த இடத்திலிருந்து அவர்கள் மறுபடி தொடங்கியிருந்தால் இன்றைக்கு நாலு சீட்டுக்காகத் திராவிடக் கட்சியின் வாசலில் உட்கார வேண்டிய நிலை வந்திருக்குமா என்று சில நேரம் தோன்றும். சரி, அந்தப் பேச்சு இருக்கட்டும்.

தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் ஏழு தனித்தொகுதிகள். இந்த ஏழைத் தாண்டி ஒரு பொதுத் தொகுதியில் தலித் ஒருவரை நிறுத்தும் துணிவு பெரிய கட்சிகளுக்கு வருவது அரிதிலும் அரிது. தனித்தொகுதியிலும் நம் வேட்பாளர் ஊர்த் தெருவின் வாக்கை நம்பித்தான் ஜெயிக்க வேண்டும். 1932 புனா ஒப்பந்தத்தில் இரட்டை வாக்குரிமையைப் பறிகொடுத்ததன் பலன் இது. பிரச்சாரத்தில் வேட்பாளரின் வண்டியைக் கவனித்திருப்பீர்கள். ஊர்த் தெருவில் இறங்கி நடந்து, ஆரத்தி வாங்கி, பெரியவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போவார். காலனிக்கு வந்தால் வண்டி முனையில் நிற்கும், மைக்கில் பேசுவார், கையசைப்பார், போய்விடுவார். "டைம் இல்லண்ணே, லேட்டாயிருச்சு." நம்மவர் நிற்கும் தொகுதியிலேயே இது நடக்கிறது. நம் தெருவுக்குள் வெகுநேரம் இருந்தால் ஊர்த் தெருவில் வாக்கு குறையும் என்று அவருக்கு ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறது. அவரைக் குறை சொல்வதா, தேர்தல் முறையைக் குறை சொல்வதா என்று தெரியாமல் நாமும் கையசைக்கிறோம்.

வேங்கைவயல் மக்கள் இந்தத் தேர்தலைப் புறக்கணிப்பதாக அறிவித்திருக்கிறார்கள். அதிகாரிகள் போய்ப் பேசுகிறார்கள். நல்லெண்ணத்தோடு சில தோழர்களும் போய், பாசிசத்தை வீழ்த்த உங்கள் வாக்கு முக்கியம் என்று எடுத்துச் சொல்லலாமா என்று எங்களிடம் கேட்டார்கள். நாங்கள் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டோம். அந்த மக்களுக்கு வகுப்பெடுக்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது? நாம் வாக்களிக்கிறோம், ஏனென்றால் நம் கோபத்தைவிட பா.ஜ.க. பெரிய ஆபத்து என்று கணக்குப் போட்டிருக்கிறோம். அது நம் கணக்கு. நம் தண்ணீர்த் தொட்டி சுத்தமாக இருக்கும்போது போட்ட கணக்கு. அவர்கள் கணக்கு வேறாக இருந்தால் அதைத் தவறு என்று சொல்ல எங்களுக்கு நாக்கு எழவில்லை. கூட்டணித் தலைவர்களுக்கு அந்த மக்களின் வாக்கு வேண்டும் என்றால் குற்றப்பத்திரிகையோடு போகட்டும். அதுவரைக்கும் அங்கே காலியாகக் கிடக்கும் வாக்குச்சாவடிக்கு அவர்கள்தான் பொறுப்பு.

எங்கள் வாக்கு இந்தியா கூட்டணிக்கு. மனநிறைவோடு போடுகிறோமா என்று கேட்டால், இல்லை. பயத்தோடும் கணக்கோடும் போடுகிறோம். காங்கிரசின் அறிக்கையில் சாதிவாரிக் கணக்கெடுப்பு இருக்கிறது, 50 விழுக்காட்டு உச்சவரம்பை நீக்க அரசியல் சட்டத் திருத்தம் இருக்கிறது, ரோகித் வெமுலா பெயரில் சட்டம் இருக்கிறது. இதையெல்லாம் அவர்களாகவே செய்வார்கள் என்று நம்பும் அளவுக்கு நாம் குழந்தைகள் இல்லை. 2019இல் அந்த 323இல் காங்கிரசும் இருந்தது. எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், கேட்பதற்கு ஒரு தாள் கையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த மூன்று நாளில் தம்பி தங்கைகள் செய்யக் கூடிய ஒரு சின்ன வேலை இருக்கிறது. ஏப்ரல் 19 அன்று வாக்குச்சாவடிப் பள்ளிகளின் கழிப்பறையைக் கழுவுவதும் வளாகத்தைப் பெருக்குவதும் நம் தூய்மைப் பணியாளர்கள்தான். பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். விடியற்காலையில் போனால் மாலை வரை விடமாட்டார்கள், தன் சொந்தச் சாவடி வேறு எங்கோ இருக்கும். வேறு ஒப்பந்த வேலை செய்பவர்களிடம், வராத நாளுக்குக் கூலி கிடையாது என்று சொல்லிவிடுவார்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி பிரிவின்படி தினக்கூலி உட்பட எல்லாத் தொழிலாளருக்கும் வாக்குப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. மீறும் முதலாளிக்கு அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய், அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, ஆனாலும் சட்டம் சட்டம்தான். எங்கள் பகுதியில் ஒப்பந்ததாரர்களுக்கு இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் தயாரித்து, தொழிலாளர் கையெழுத்தோடு கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்கிக்கொண்டிருக்கிறோம். பெருக்கும் வேலைக்கு அனுப்பப்படுகிறவர்களுக்கு முறை மாற்றி இரண்டு மணி நேரம் விடச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இரண்டு மேற்பார்வையாளர்கள் ஒத்துக்கொண்டார்கள், ஒருவர் முடியாது என்றார். அவரிடம் நாளைக் காலை மறுபடி போகிறோம்.